பிடி அரிசி

வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையும் கூடவே எழுந்துவிடும். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்த இளம் பெண் அவர். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவிக்கு உதவி செய்ய வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். வைத்தியம் தெரிந்தவர் அவருடைய தகப்பனார்தான். ஆனால் ஆண் வைத்தியரை உள்ளே விட அவர்களுக்குச் சம்மதமில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் அமெரிக்காவுக்குப் போய் வைத்தியம் படித்து, 1900-இல் வேலூருக்கு வந்து சேர்ந்தார். 1960-இல் கோடைக்கானலில் காலமாகும் வரை இந்த மண்ணை விடவில்லை. நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த கதைதான்.

அவருக்கு முன்பே கதை தொடங்கிவிட்டது. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புக்கு வந்த வைத்தியர். பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் ஏழு பேர் இந்தியாவிலேயே ஊழியம் செய்தார்கள். தாத்தா, தகப்பன், பேத்தி என்று மூன்று தலைமுறை. கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எவ்வளவு பெரிய கதையைக் கேட்டாலும், இதில் சமையற்கட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு வேறு எதில் புத்தி போகும்? மூன்று தலைமுறை வந்தது சரி. மூன்று தலைமுறைக்கும் யார் சோறு போட்டார்கள்? 1902-இல் வேலூரில் எழுந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பணக்காரர் தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்த அம்மாளின் பெயரைக் கட்டடத்துக்கு வைத்தார்கள். நியாயம்தான். அந்தப் பத்தாயிரத்துக்கு முன்னும் பின்னும் எண்பது, நூறு வருஷங்களாகக் கடல் கடந்து வந்துகொண்டிருந்த சில்லறைக் காசுகளுக்குப் பெயர் ஏது? எந்தக் கட்டடத்தில் அவற்றைச் செதுக்குவது?

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் என் புத்திசாலித்தனம் அல்ல. எங்கள் அடுத்த வீட்டில் ஒரு கலயம் இருந்தது, அதுதான் காரணம்.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூர். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் அடுப்படி, அந்தப் பக்கம் அவர்கள் அடுப்படி. அந்த வீட்டில் இருந்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தார். ஊருக்கே அவர் டீச்சரம்மாதான். காலையில் உலை வைக்கும்போது அரிசியை முறத்தில் எடுத்துவிட்டு, அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்புக்கு மேலே இருந்த கலயத்தில் போடுவார். இரவு உலைக்கும் அப்படியே. அதற்குச் சங்கத்துக் கலயம் என்று பெயர். மாதக் கடைசியில் ஒன்றரைப் படி சேரும். மிஞ்சினால் இரண்டு படி. சபையில் எல்லா வீட்டுப் பெண்களும் இப்படிச் சேர்த்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் புங்க மரத்தடியில் ஏலம் நடக்கும். முருங்கைக்காய், முட்டை, கருப்பட்டி, காலைக் கட்டிப் போட்ட கோழி, இவற்றோடு இந்த அரிசியும் ஏலத்துக்கு வரும். கிடைத்த பணம் மிஷனரிச் சங்கத்துக்குப் போகும்.

அந்த அரிசிக்கு ஒரு குணம் உண்டு. பத்து வீட்டுப் பச்சையும் புழுங்கலும், சன்னமும் மோட்டாவும் ஒன்றாகக் கலந்தது. உலையில் போட்டால் பாதி குழைந்துவிடும், பாதி விறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே மலிவாகத்தான் போகும்.

1952-ஆம் வருஷத்து ஆரம்பத்தை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழை பொய்த்து, அரிசி பங்கீட்டுக் கடையில் அளந்து கொடுக்கும் பண்டமாகிவிட்டது. அந்த வருஷத்து நடுவில்தான் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். அதற்கு முந்திய மாதங்களில் எங்கள் வீட்டில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. மண்டியில் கணக்கு எழுதிய அப்பா விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஒரு வியாழக்கிழமை காலையில் அம்மா என் கையில் ஒரு உழக்கைக் கொடுத்து, "டீச்சரம்மாகிட்டே கைமாத்தா வாங்கிட்டு வா" என்று அனுப்பினாள். எனக்கு ஒன்பது வயது.

டீச்சரம்மா அரிசிப் பானையைத் திறந்து காட்டினார். அடியில் ஒரு வேளைக்கு இருந்தது. அதில் பாதியை உழக்கில் போட்டார். என் கண் அடுப்புக்கு மேலே போயிற்று. கலயம் வாய் நிறைய இருந்தது. பசிக்கிற பையனுக்கு மரியாதை தெரியுமா? "அதுலே நெறைய இருக்கே டீச்சர்" என்றேன்.

"அது எங்க வீட்டு அரிசி இல்லைய்யா" என்றார் டீச்சரம்மா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். கட்டிலில் கிடந்த அப்பா, "யாரோ முகந் தெரியாதவனுக்கு ஒரு கலயம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அரை உழக்கு. நல்ல தர்மம்!" என்று முனகினார். அம்மா மட்டும், தன் பானையில் இருந்ததில் பாதியைக் கொடுத்தவளைப் பற்றிப் பேச உனக்கு நாக்கு வருகிறதா என்று என்னை அதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் டீச்சரம்மா எங்கள் வீட்டு நடையில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு படி இருக்கும், ஏலத்து அரிசி. "மலிவாப் போச்சுக்கா. கலப்பு அரிசிதான், கஞ்சி வச்சா தெரியாது" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஏலத்தில் முந்திக்கொண்டு கேட்டுத் தம் கைக்காசைக் கொடுத்து எடுத்திருக்கிறார் என்பது, அதே ஏலத்தில் கோழி வாங்கிய எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பாவால் இதைப் புரிந்துகொள்ள முடியவில்லை. "தான் போட்ட அரிசியைத் தானே காசு கொடுத்து வாங்குகிறாள்! வியாழக்கிழமையே கலயத்தைக் கவிழ்த்திருந்தால் காசாவது மிச்சம்" என்று பல நாள் சொல்லிச் சிரித்தார். மண்டிக் கணக்குப்படி அவர் சொன்னது சரி. எனக்கும் வெகு காலம் அப்படித்தான் பட்டது. கொடுத்ததைக் கொடுத்தாயிற்று, இனி அது தன்னுடையது அல்ல, பசிக்கிறவனுக்குக் கொடுக்க வேண்டுமானால் மறுபடியும் தன்னுடையதிலிருந்துதான் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு எனக்குப் பிடிபட முப்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவன் என்பதால், அந்தக் காசு எங்கே போயிற்று என்று பின்னாளில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வெள்ளாளன்விளை என்று ஒரு ஊர், மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில். அங்கே 1874-இல் ஒரு குருவானவருக்கு மகனாகப் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இளைஞராக இருந்தபோது, 1902-இல், யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, தங்கள் ஆட்களையே வெளியே ஊழியத்துக்கு அனுப்புவதைக் கண்டார். எந்த யாழ்ப்பாணம்? எண்பது வருஷத்துக்கு முன் ஜான் ஸ்கடர் போன்றவர்களை அமெரிக்கக் காசு கொண்டுவந்து இறக்கிய அதே யாழ்ப்பாணம். வாங்கிச் சாப்பிட்ட வீடு இப்போது அனுப்புகிற வீடாகிவிட்டது. திருநெல்வேலியில் இத்தனை ஆயிரம் பேர் இருந்தும் இன்னும் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறோமே என்று அவருக்கு உறைத்தது. மறு வருஷம், 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது கொள்கை. வெளிநாட்டுக் காசு வேண்டாம்.

நிஜாம் ராஜ்யத்தில் தோர்ணகல் என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவனுக்கு அது அன்றைக்கு வேற்று நாடுதான். பாஷை வேறு, அரசு வேறு. 1904-இல் முதல் ஆள் போனார். 1909-இல் அசரியாவே குருப்பட்டம் பெற்றுக் குடும்பத்தோடு போய்விட்டார். தெலுங்கு படித்தார். 1912-இல் அவருக்கு அத்தியட்சர் பதவி கிடைத்தது. ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. அவர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். கடலுக்கு அப்பாலிருந்து வராத அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் எங்கள் அடுத்த வீட்டு அடுப்படியில் இருக்கிறது. நெல் விளையாத தேரிக்காட்டுப் பனையேறிகள் கருப்பட்டியாகக் கொடுத்தார்கள். ஆற்றுப் பாசனத்து ஊர்க்காரர்கள் அரிசியாகக் கொடுத்தார்கள். குழந்தைகள் ஒரு கோழிக்குஞ்சைச் சங்கத்துக்கு என்று நேர்ந்துவிட்டு வளர்த்தார்கள்.

"நம்ம ஆட்களை மதம் மாற்றத்தானே இந்த அரிசி?" என்று அப்பா கடைசி வரையில் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கேட்டதில் தவறில்லை. 1930-களில் காந்திஜிக்கும் அசரியாவுக்குமே இதில் கருத்து ஒத்துப்போகவில்லை. தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டம் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்திஜி ஒப்பவில்லை. அந்த மக்களுக்குத் தலை நிமிர வேறு வழி எது என்பது அசரியாவின் பக்கம். இருவருமே பெரியவர்கள். என் போன்றவன் நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. டீச்சரம்மா ஒரு நாளும் எங்களை மதம் மாறச் சொன்னதில்லை என்பதையும், அப்பா அந்தக் கேள்வியை ஒரு நாளும் டீச்சரம்மாவிடம் நேரில் கேட்டதில்லை என்பதையும் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இனிச் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

டீச்சரம்மாவுக்கு ஒரே மகன். எனக்கு ஆறு வயது மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கம்பவுண்டர் வேலைக்குப் படித்து, பாளையங்கோட்டையில் வேலையும் கிடைத்தது. 1961-இல் ஒரு நாள், வேலையை விட்டுவிட்டுத் தெலுங்கு நாட்டுக்கு மிஷனரியாகப் போகப்போகிறேன் என்றார். கோதாவரிப் பக்கம், காட்டுக்குள் ஒரு ஊர். ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்ல ஒரு ஓட்டுக் கட்டடம்.

டீச்சரம்மா சந்தோஷப்படுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். மறு நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் கலயத்து மூடியின் சத்தம் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம். அம்மாவுக்கு அது நின்றதும் தெரிந்துவிட்டது. இரண்டாம் நாளும் இல்லை. அம்மா போய்க் கேட்டாள். டீச்சரம்மா அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாராம். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த வீட்டுப் பிள்ளை போகும்னு நெனச்சுத்தானே அக்கா இத்தனை வருஷமா அரிசி போட்டேன்" என்றாராம்.

இதைவிட உண்மையான வாக்கியத்தை நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை. எழுத முடியும் என்றும் தோன்றவில்லை.

பத்து நாள் கலயத்தில் அரிசி விழவில்லை. வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. குருவானவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று கேள்வி. பதினோராம் நாள் காலையில் அம்மா என்னைக் கைகாட்டிப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்தாள். மூடி திறந்தது. அரிசி விழுகிற சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா விரல் விட்டு எண்ணினாள். இருபது. விட்டுப்போன பத்து நாளுக்கு, காலைக்கும் இரவுக்குமாக. அதன் பிறகு இன்னும் ஒன்று, அன்றைய காலை உலைக்கு.

மறு வாரம் அண்ணன் ரயிலேறினார்.

1974-இல் ஒரு கூட்டத்துக்காக ஹைதராபாத் போன நான், திரும்பும் வழியில் தோர்ணகலில் இறங்கினேன். விஜயவாடாப் பாதையில் கிளை பிரியும் ஜங்ஷன் அது. கடிதம் போட்டிருந்ததால் அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார், மலேரியா. முதலில் அசரியா கட்டிய தேவாலயத்தைக் காட்டினார். 1939-இல் கட்டி முடித்தது. தூண்களைப் பார்த்தால் நம் ஊர்க் கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறது. மேலே நிமிர்ந்தால் மசூதியின் குமிழ் ஞாபகம் வருகிறது. வாயைப் பிளந்து நின்றேன். அசரியா 1945 புத்தாண்டு தினத்தன்று இந்த ஊரிலேயே காலமானார் என்றார் அண்ணன்.

சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிட்டேன். "நீ குடி" என்றார். வற்புறுத்தினபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "கூலிக்கு வேலை செய்கிறவன் தன் காசில் குடிக்கிறான். எனக்கு வருகிறது யார் யாருடைய அடுப்படியிலிருந்தோ வருகிறது. ஒரு டீ என்றால் எத்தனை பிடி என்று கணக்குப் போடத் தோன்றும். இந்த நோய்தான் மலேரியாவை விடப் பெரிது."

"உங்கள் அம்மா போடுகிறதும் அதில் இருக்குமே" என்றேன்.

"இருக்கும். எது என்று தெரியாது. கலப்பு அரிசிதானே" என்றார்.

இரவு அவருடைய நண்பர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. வீட்டுக்காரர் தெலுங்கர், அவருடைய தகப்பனார் காலத்தில்தான் அந்தக் குடும்பம் சபையில் சேர்ந்ததாம். கை கழுவப் பின்பக்கம் போனவன் அடுப்படியைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மண்பானை. அந்த அம்மாள் உலைக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடியை அதில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனைக் கூப்பிட்டு, இது எங்கே போகிறது என்று கேட்கச் சொன்னேன். அந்த அம்மாள் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிக் கையால் வடக்கே காட்டினார். இன்னும் உள்ளே, காட்டுக்குள் இருக்கிற ஊர்களுக்கு என்று அண்ணன் அர்த்தம் சொன்னார்.

டீச்சரம்மா 1983-இல் காலமானார். தந்தி கிடைத்து அண்ணன் வந்து சேர மூன்றாம் நாள் ஆகிவிட்டது; மண்ணைத்தான் பார்க்க முடிந்தது. வீட்டுக்கு வந்து நேரே அடுப்படிக்குப் போனார். கலயத்தில் பாதி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே அதைக் கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஏலத்தில் அந்த மாத அரிசியை நான் எடுத்தேன். விலையைச் சொல்ல மாட்டேன். ஏலம் கூறிய உபதேசியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அம்மாவும் 1952-க்குப் பிறகு ஒரு தகர டப்பாவில் தினம் ஒரு பிடி போட்டு வந்தாள். தைப்பூசத்தின்போது திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போட அது போகும். எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

போன வருஷம் டீச்சரம்மாவின் பேத்தி, அண்ணனின் மகள், என்னைப் பார்க்க வந்திருந்தாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தகப்பனார் மறைந்து சில வருஷங்கள் ஆகின்றன. "கலயம் என்ன ஆயிற்று, அம்மா?" என்றேன். அவள் வீட்டில் தினம் சோறு வடிப்பதில்லையாம். கையிலிருந்த போனைக் காட்டி, "இதுதான் மாமா கலயம். மாசா மாசம் சங்கத்துக்குப் பணம் இதுலேயே போயிடும்" என்றாள்.

தானாகவே போய்விடுமா என்று கேட்டேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி தானாகவே கழித்துக்கொள்ளும்படி ஒரு ஏற்பாடு உண்டு என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தில் என்ன கண்டாளோ, சிரித்துவிட்டாள்.

"முதல்லே அப்படித்தான் வச்சிருந்தேன். ஒரு நாள் அப்பாகிட்டே போன்லே சொன்னேன். அப்பா திட்டலை. பாட்டி பத்து நாள் அரிசி போடாத கதையைச் சொன்னாங்க. தானாப் போயிருந்தா பாட்டிக்கு அந்தப் பத்து நாள் இருந்திருக்காதேன்னாங்க. அன்னிக்கே அதை எடுத்துட்டேன் மாமா. இப்ப மாசாமாசம் நானேதான் அனுப்பறேன். ரெண்டு மாசம் மறந்தும் போயிருக்கேன்."

"மறந்ததை என்ன செய்தாய்?"

"சேர்த்துப் போட்டேன்" என்றாள்.